வெட்டி எடுத்த ஒப்பாரி

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல், கிர்கிஸ் தலைநகரான பிஷ்கேக்கின் தென்பகுதிக் குடியிருப்பிலுள்ள ஒரு திரையரங்கில், ‘திரும்பாதவள்’ என்ற பேய்ப்படத்தின் ட்ரெய்லர் அழைப்பின் பேரில் வந்தவர்களுக்கு முதன்முறையாகத் திரையிடப்பட்டது.

அதை வெட்டிக் கோத்தவள் ஜிபார். பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்தபடி அவள் திரையைப் பார்க்காமல் ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எது எப்போது வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த இடத்தில் கை பாப்கார்னை மறக்கிறது, எந்த இடத்தில் உடம்பு பக்கத்துத் தோளை நோக்கிச் சாய்கிறது, எவன் பகடி பேசித் தப்பிக்கப் பார்க்கிறான்.

பார்ப்பவனை முதலில் அவனுடைய சொந்த வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. ஆகவே ட்ரெய்லர் ஒரு சமையலறையில் தொடங்கியது. எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகின்றன, மருமகள் தேநீர் ஊற்றுகிறாள், கொழுந்தன் அவளை வம்புக்கு இழுக்கிறான். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அப்புறம் கொடுத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கொழுந்தன் காணாமல் போனான். எண்ணெயின் சத்தம் போயிற்று. வெளிச்சம் குறைந்தது. முற்றத்தில், இழவு விழுந்தால் மட்டுமே எழுப்புகிற கம்பளிக் கூடாரம் நின்றது. உள்ளே ஒரு பெண் வாசலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்பதால் யாருக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பாரி தொடங்கியது. மருமகள் ஓடிப்போய் மாமனார் அறையைப் பார்த்தாள், மாமியார் அறையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். வீட்டில் யாரும் சாகவில்லை.

இந்த இடத்தில் முன்வரிசை மாணவன் ஒருவன் காலை மேலே தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான். ஜிபார் கவனித்தாள்.

ஒப்பாரி நடுவரியில் அறுந்தது. இப்போது ஏதோ பாயப்போகிறது என்று எல்லோரும் இறுகினார்கள். அங்கே அவள் ஒன்றையும் வைக்கவில்லை. படத்தின் பெயர் வந்தது. பெயர் வந்தாயிற்று, இனி பயமில்லை என்று தோள்கள் தளர்ந்தன. அந்தத் தளர்ந்த தோள்களின் மேல்தான், ஒப்பாரியின் கடைசிச் சொல்லை இழுத்து, தாழ்த்தி, மிருகத்தின் உறுமலாக்கி இறக்கியிருந்தாள்.

அரங்கு அலறியது. அலறி முடித்ததும், மேலே இருந்து விழுந்து அடிபடாதவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. இந்தச் சிரிப்புக்காகத்தான் மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று ஜிபார் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுண்டு.

பின்வரிசையில் மட்டும் மூன்று பெண்கள் அலறவில்லை. உள்ளங்கைகளை ஏந்தி முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டார்கள், துக்க வீட்டில் இறந்தவருக்கு துவா கேட்டு முடிக்கும்போது செய்வதைப் போல.

அவர்களில் ஒருத்தி வெளியே நடைக்கூடத்தில் ஜிபாரைத் தேடி வந்தாள். பெயர் கனிஷாய், பல் மருத்துவர், கல்லூரியில் படிக்கும் மகளுடன் வந்திருந்தாள்.

“இதைச் செஞ்சது நீதானாமே. அந்தப் பொண்ணு எந்த ஊரு? அப்பா போய் ரொம்ப நாளாச்சா?”

“அது நடிகை, எஜே,” என்றாள் ஜிபார். அக்கா முறையில் அப்படி அழைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

“நடிகையா?” கனிஷாய் சிரிக்கவில்லை. “அப்பா பேரு ஜுமாலின்னு சொல்றா. அவரோட அப்பா பேரையும் சொல்றா. டோலோன் கணவாய்ல பனியில லாரி ஓட்டினதைச் சொல்றா. நான் மருந்து வாங்கப் போன நேரத்துல போயிட்டியேங்கறா. இதெல்லாம் நடிகைக்கு யாரு எழுதிக் குடுத்தது? இத்தனை நாளு நீ இதைக் கேக்கவே இல்லையா?”

மகள் அம்மாவின் கையை இழுத்தாள். “விடும்மா. இவங்க நகரத்துல பொறந்தவங்க. எனக்கே பாதிதான் புரிஞ்சுது.”

அது உண்மை. ஜிபார் ரஷ்யப் பள்ளியில் படித்தவள். கிர்கிஸ் மொழி அவளுக்குச் சமையலறை அளவுக்குத்தான் வரும். நாரின் மலைப்பக்கத்துப் பெண்கள் மூச்சோடு மூச்சாக இழுத்துக் கட்டும் வரிகளில் அவளுக்குப் பிடிபட்டவை அங்கொன்று இங்கொன்று. அந்தக் குரலை அவள் வாரக்கணக்கில் கேட்டிருந்தாள். கணினித் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடாகத்தான் கேட்டிருந்தாள். எங்கே ஏறுகிறது, எங்கே வெட்டினால் வலிக்கும் என்பது தெரியும். யார் யாருக்காக அழுகிறார்கள் என்று தோன்றவே இல்லை. கடைசிச் சொல் மட்டும் அவளுக்கும் தெரிந்த சொல். ‘அப்பா.’ உறுமலாக்கியது அதைத்தான்.

ஞாயிறு காலை அவள் தலாந்தை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். தலாந்த் படத்தின் ஒலிப்பதிவாளன், அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொன்னான். அவனுக்கு அதில் மறைக்க ஏதுமிருப்பதாகத் தெரியவில்லை.

போன நவம்பரில் நாரின் வட்டாரத்துக் கோச்கோர் அருகே படப்பிடிப்பு நடந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. கூடாரத்துக்குள்ளிருந்து வந்த குரலை அவன் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறான். வேலிக்கு இந்தப்பக்கமிருந்து பதிந்தால் நாய், கார், காற்று எல்லாம் சேர்ந்துவிடும். ஆகவே பதிவுக்கருவியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, துக்கத்துக்கு வந்த ஆண்களோடு சேர்ந்துகொண்டான். வாசலை நெருங்கும்போது ஆண்கள் உரக்க அழுதபடிதான் போக வேண்டும். அவனும் ‘அப்பாவே, சாய்ந்துபோன என் மலையே’ என்று கத்திக்கொண்டு போனான். வாசலில் கைத்தடி ஊன்றி நின்ற இறந்தவரின் மகன்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூடாரத்தின் கம்பளிச் சுவரோரமாக நிற்க நல்ல இடம் கிடைத்தது. பிறகு சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள்.

“சாப்பிட்டியா?”

“எழுந்து போனா தப்பா நினைப்பாங்க, எஜே. நானும் நிஜமாவே அழுதேன். அந்தக் குரலைக் கேட்டா யாருக்குத்தான் அழுகை வராது?”

ஜிபார் அவனை அறைந்திருப்பாள். மேசைக்கு அந்தப்பக்கம் அவன் உட்கார்ந்திருந்ததும், அவன் முகத்தில் குற்றவுணர்வுக்குப் பதிலாகத் தன் ரசனையைப் பற்றிய பெருமை இருந்ததும் அவளைத் தடுத்தன.

“நடிகைன்னு எங்கிட்ட எதுக்கு சொன்னே?”

“எமில் பைக்கே அப்படிச் சொல்லச் சொன்னார்.”

பைக்கே என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் எமில்தான் தயாரிப்பாளர். பத்து வருடம் கல்யாண நகைச்சுவைப் படங்களாக எடுத்துத் தள்ளிவிட்டுப் பேய்க்கு மாறியவர். வெளிநாட்டுப் பேய் சிலுவையைப் பார்த்து ஓடுகிறது, நம் ஜனங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, நம் பேய் நம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதில் அவர் ஜெயித்தும் இருந்தார். திங்கட்கிழமை ஜிபார் அவர் அறைக்குள் போனபோது அவர் கைபேசியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சனிக்கிழமை மாலையே ட்ரெய்லரை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நாடு முழுவதும் அது ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த உறுமலைப் போட்டு, அம்மா துள்ளுவதைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இது ஒரு நிஜச் சாவோட ஒப்பாரி, பைக்கே. திருடினது. இறக்கிடுங்க.”

எமில் மறுக்கவில்லை. மறுக்காதது அவளுக்கு இன்னும் கோபமூட்டியது. அவர் பேசிய விதம் நிதானமாக இருந்தது. ஒப்பாரிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அது காற்றில் விடுகிற பாட்டு, தெருவில் போகிறவனும் கேட்கிறான் என்றார். பிறகு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஆகஸ்ட் மாசம் நடிகையை வெச்சு எடுத்துக் குடுத்தோமா இல்லையா? மூணு தடவை அழுதா பாவம். நீ என்ன சொன்னே? செத்த குரல், பயம் வரலை, வேற கொண்டு வாங்கன்னே. கொண்டு வந்தேன். அப்போ எங்கேருந்து வந்ததுன்னு கேட்டியா? நல்லா இருந்ததும் வாயை மூடிக்கிட்டு வெட்ட உக்காந்துட்டே. இப்போ வந்து எங்கிட்ட நியாயம் பேசறே.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மேசைக்குத் திரும்பியபின், யார் மேல் கோபம் என்று பிரித்தறிய முடியாத ஒரு கோபம் அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. அன்று முழுக்க, பேச வந்தவர்களையெல்லாம் கடித்துத் துப்பினாள்.

வியாழக்கிழமை, இறந்தவரின் மகள் வந்தாள்.

பெயர் சாய்கல். கோச்கோரில் கால்நடை மருத்துவர். தலையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் கறுப்பு. வாசலில் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, “பேயை வித்துப் பொழைக்கிறவனை,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தாள். எமில் அறையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. தேநீர் வந்தது. தொடவில்லை. ஜிபாரையும் தலாந்தையும் எமில் உள்ளே கூப்பிட்டார், ஆள்பலம் வேண்டும் என்பதுபோல.

சாய்கல் முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். “நீங்க பெரிய ஆளு, படம் எடுக்கறீங்க. எனக்குத் தெரியாது, அதனால கேக்கறேன். என் அண்ணன் மகன் பள்ளிக்கூடத்துலேருந்து வந்து, அத்தை, அச்சு அசல் உங்க குரல்லயே ஒரு பேய் வந்திருக்குன்னான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?”

எமில் வருத்தம் தெரிவித்தார். படத்தின் முடிவில் நன்றி சொல்லி அவள் பெயரைப் போடுவதாகச் சொன்னார்.

“என்னன்னு போடுவீங்க? பேய், கோச்கோர் சாய்கல்னா?”

அவள் அதன்பின் விஷயத்தைச் சொன்னாள். நவம்பர் நான்காம் தேதி அப்பாவுக்கு அஷ், வருட நினைவு விருந்து. அன்று மகள் கடைசியாக ஒருமுறை கூடாரத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். அது முடிந்தால் கறுப்பைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப்பின் அப்பாவுக்காக அவள் அழக் கூடாது, அழுதால் இறந்தவருக்கு ஆகாது. அந்த ஒரு தடவைதான் மிச்சம். போன நவம்பரில் மருந்து வாங்கப் போன நேரத்தில் அவர் போய்விட்டதால் சொல்ல முடியாததை எல்லாம் சொல்ல அவளுக்கு அதை விட்டால் வேறு நாளில்லை.

“மாவட்டமே வரும். நான் வாயைத் திறந்ததும் வாசல்ல நிக்கிறவனுக்கு என்ன ஞாபகம் வரும்? எங்கப்பாவா, உங்க பேயா? சின்னப் பசங்க ஃபோனை எடுப்பாங்க. சிரிப்பாங்க. சிரிக்கற பசங்களை நான் திட்டக்கூட முடியாது, நான் சுவரைப் பாத்துத்தான் உக்காந்திருக்கணும்.”

எமில் யோசித்தார். அஷ்ஷுக்குத் தன் சார்பில் ஒரு குதிரை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். இறைச்சிக்கு ஆகும், கௌரவமாகவும் இருக்கும்.

“குதிரை எங்ககிட்ட இருக்கு,” என்றாள் சாய்கல். “நான் மாட்டு டாக்டர். எது நல்ல சாதி, எது நோய் பிடிச்சதுன்னு பல்லைப் பாத்தே சொல்லிடுவேன். நீ இவ்வளவு நேரம் பல்லைக் காட்டிட்டே இருக்கே, உன்னையும் தெரிஞ்சுபோச்சு.”

மரியாதை அந்த இடத்தில் முடிந்தது. பதிவு செய்தவன் யார் என்று கேட்டாள். ஜிபார் தலாந்தைக் காட்டினாள்.

சாய்கல் அவனை நிதானமாகப் பார்த்தாள். “நீதானா அது? நான் பாக்கலை, எனக்கு முதுகுப் பக்கம். எங்கண்ணன் சொன்னார். யாரோ ஒரு பையன், தெரியாத முகம், அப்பாவேன்னு கதறிட்டு வந்தான், அவனைக் கட்டிக்கிட்டப்பதான் எனக்கே அழுகை வந்ததுன்னார். யாரு பெத்த புள்ளையோ, அப்பா எங்கேயோ அவனுக்கு ஏதோ நல்லது செஞ்சிருக்காருன்னு நாங்க ஊரெல்லாம் விசாரிச்சோம். அஷ்ஷுக்குக் கூப்பிடணும்னு தேடிட்டு இருக்கார் உன்னை.”

தலாந்தின் முகத்திலிருந்த பெருமை அப்போதுதான் போயிற்று. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். நாலாம் தேதிக்குள் அது எங்கேயும் கேட்கக் கூடாது என்று எமிலிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

எமில் நீண்ட மூச்சு விட்டார். இப்போது இறக்கினால் படம் விழுந்துவிடும் என்றார். நவம்பர் பதினாறாம் தேதி வெளியீடு, அதுவரை சூடு ஆறக் கூடாது. கிராமத்து ஜனங்கள் கோபப்படுவார்கள், மறந்தும் விடுவார்கள்.

“நீங்க இறக்க மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

ட்ரெய்லரை ஏற்றும் கணக்கின் கடவுச்சொல் ஜிபாரிடம் இருந்தது. ஏற்றுகிற வேலையும் அவளுடையதுதான் என்பதால் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. அவள் தன் மேசைக்குப் போய் எல்லாத் தளங்களிலிருந்தும் ட்ரெய்லரை நீக்கினாள். தலாந்தின் மூலப் பதிவை அழித்தாள். தலாந்த் தானாகவே தன் வீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து அவள் கண்முன்னே அழித்தான்.

பிறகு உட்கார்ந்து ட்ரெய்லரை மறுபடியும் வெட்டினாள். அதே சமையலறை, அதே சிரிப்பு, அதே முதுகு. ஒப்பாரி இருந்த இடத்தில் எதுவுமில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்த பெண்ணின் தோள்கள் மட்டும் குலுங்கின, சத்தமில்லாமல். பெயர் வந்தபின் எதுவும் வரவில்லை. முதல் ட்ரெய்லரைவிட இது நன்றாக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே நடிகையின் குரலை வேண்டாம் என்றபோது, குரலே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

புதியதை ஏற்றிவிட்டு எமிலிடம் போய்ச் சொன்னாள். அவர் அரை மணி நேரம் கத்தினார். வழக்குப் போடுவேன் என்றார், இந்த நகரத்தில் எவன் உனக்கு வேலை கொடுக்கிறான் பார்க்கிறேன் என்றார். அவள் எதிர்த்துக் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“கத்துங்க பைக்கே. பதிஞ்சு வெச்சா அடுத்த படத்துக்கு ஆகும்.”

ஆனால் விஷயம் அவள் நினைத்தபடி போகவில்லை. பழைய ட்ரெய்லர் காணாமல் போனதும் ஜனங்கள் ஏன் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் பதில் இல்லாமல் இருந்தது. மறுநாள் பதிலை அவர்களே செய்துகொண்டார்கள். அந்த ஒப்பாரியை யாரும் பதியவில்லை, படப்பிடிப்பு முடிந்த வெற்றுக் கூடாரத்தில் ஒலிவாங்கியில் தானாக விழுந்திருக்கிறது, கேட்டவர்கள் வீட்டில் சாவு விழுந்தது, அதனால்தான் எடுத்துவிட்டார்கள். எத்தனையோ பேர் முன்பே பதிவிறக்கி வைத்திருந்த பிரதிகள் இப்போது ‘தடை செய்யப்பட்ட ட்ரெய்லர்’ என்ற தலைப்போடு வெளியே வந்தன. அவளுடைய மௌன ட்ரெய்லரின் மேல் பழைய ஒப்பாரியை ஒட்டிப் போட்டான் ஒருவன். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பரவியது. சந்தையில் ரொட்டி விற்கும் பெண் ஒருத்தி ஜிபாரிடமே இந்தக் கதையைச் சொல்லி, தனியாக இருக்கும்போது கேட்காதே என்று எச்சரித்தாள்.

ஜிபார் ஒவ்வொரு தளத்துக்கும் புகார் எழுதினாள். திருட்டுப் பதிவு என்று எழுதினாள், உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். ஒரு பிரதி நீங்கினால் வேறு பெயரில் இன்னொன்று வந்தது. நடந்ததை நடந்தபடி தன் பெயரிலேயே எழுதி வெளியிட்டாள். கீழே வந்த முதல் கருத்து, விளம்பரத்துக்கு நல்ல உத்தி என்று பாராட்டியது. இரண்டாவது, டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டது. மாலையில் எமிலிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கோபமெல்லாம் ஆறிவிட்டது, திரும்பி வா, உன்னைப்போல் ஜனங்களைப் படித்தவர்கள் யாருமில்லை என்று எழுதியிருந்தார். அவள் கைபேசியைச் சுவரில் எறிந்தாள். திரை உடைந்தது, செய்தி உடைந்த திரையிலும் தெரிந்தது.

அக்டோபர் கடைசியில் அவள் சாய்கலை அழைத்தாள். தான் செய்ததையும், அது என்னவாக முடிந்தது என்பதையும் சொன்னாள். தான்தான் அதை வெட்டியவள், உறுமலாக்கியவள் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் மாடு ஒன்று கத்தியது.

“கடைசிச் சொல்லையா?”

“ஆமா, எஜே.”

“அது என்ன சொல்லுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“தெரிஞ்சேதான்.”

அஷ்ஷுக்கு வரலாமா என்று ஜிபார் கேட்டாள். பின்னால் நின்று, ஃபோனை எடுக்கிற பையன்களை வெளியே அனுப்பவாவது ஆகுமே என்றாள்.

“வராதே,” என்றாள் சாய்கல். “உன்னை யாருன்னு கேட்டா நான் சொல்ல வேண்டியிருக்கும். அன்னைக்கு எங்கப்பா பேரைத் தவிர வேற பேரு அங்க வரக்கூடாது.” இணைப்பைத் துண்டித்தாள்.

நவம்பர் நான்காம் தேதி கோச்கோரில் ஜுமாலியின் அஷ் நடந்தது. சாய்கல் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வாய் திறக்கவில்லை. நாரினிலிருந்து வந்த சித்தி ஒருத்தி அவளுக்குப் பதிலாக ஒப்பாரி வைத்தாள். மாலையில் கறுப்பைக் கழற்றினார்கள். ‘திரும்பாதவள்’ பதினாறாம் தேதி வெளியானது. முதல் வாரம் எல்லாக் காட்சிகளும் நிறைந்தன.